போனவரின் ஐடியும் அவர் விட்டுப்போன ஏலியாஸும்: மெயின்ஃப்ரேம் கேட்டலாக் கட்டளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு மெயின்ஃப்ரேம்களை (பெரிய நிறுவனங்களின் மத்தியக் கணினிகளை) பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. வேலையை விட்டுப் போனவர்களின் அனுமதிகளை ஒழிக்கச் சொல்லி ஒரு பட்டியல் வரும். பாதி வேலை ரேக்எஃப்பில் (யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்கும் மென்பொருள்), மீதி கேட்டலாக்கில் (எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் என்ற பதிவேடு). இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறது. திரையில் வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எல்லா உதாரணத்திலும் போனவரின் ஐடி விஎல்ஆர்07, அவருடைய ஃபைல்களைப் பதிந்திருக்கும் யூசர் கேட்டலாக் யூகேட்.டெவ்1.

ஆள் போயிட்டாரு, ஐடியை டெலீட் பண்ணா முடிஞ்சுது. கேட்டலாக்குக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?

நிலம் வாங்கினால் பத்திரம் சார்பதிவாளர் ஆபீசில், பட்டா தாலுகா ஆபீசில், நிலம் ஊரில். பத்திரம் மாறினதாலேயே பட்டா மாறிவிட்டது என்று நம்பி ஏமாந்தவர்கள் நம் பக்கம் நிறைய. இங்கேயும் மூன்று பதிவேடு. யார் தொடலாம் என்பது ரேக்எஃப்பில். எந்தப் பெயர் எந்த டிஸ்க்கில் என்பது கேட்டலாக்கில். அந்த டிஸ்க்கில் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்பது அதே டிஸ்க்கின் விடாக்கில் (டிஸ்க்கிலேயே இருக்கும் உள்ளடக்கப் பட்டியல்).

டெல்யூசர் (யூசரை அழிக்கும் கட்டளை) போட்டால் ரேக்எஃப்பிலுள்ள யூசர் ப்ரொஃபைலும் (அவரைப் பற்றிய பதிவும்) அவருடைய குரூப் இணைப்புகளும் போகும். அவ்வளவுதான். டேட்டாசெட்டுகள் (மெயின்ஃப்ரேமில் ஃபைலுக்கு இதுதான் பெயர்) டிஸ்க்கிலேயே இருக்கும், ஏலியாஸ் மாஸ்டர் கேட்டலாக்கில் (சிஸ்டம் முதலில் பார்க்கும் தலைமைக் கேட்டலாக்) இருக்கும், மற்றவர்களுடைய அக்சஸ் லிஸ்டுகளில் (யாருக்கு அனுமதி என்ற பட்டியல்) அவர் பெயரும் அப்படியே கிடக்கும். மூன்றையும் நாம்தான் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

ஏலியாஸ்னா என்ன? ஆளுக்கு ஒன்னு எதுக்கு?

வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்துபோனது. அதற்குப் பிறகும் பல வருஷம் கவரில் "வ.ஆ. மாவட்டம்" என்று எழுதிப் போட்ட தபால் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது, அந்தப் பெயரைப் பார்த்தால் எந்தப் பைக்குள் போட வேண்டும் என்று பிரிப்பவருக்குத் தெரியும். ஏலியாஸும் அப்படித்தான். விஎல்ஆர்07 என்று தொடங்கும் எந்தப் பெயர் வந்தாலும் யூகேட்.டெவ்1-இல் போய்த் தேடு என்று மாஸ்டர் கேட்டலாக்கில் எழுதிவைத்த ஒரு வரி. டேட்டாசெட் விவரம் எதுவும் அதில் கிடையாது.

இதைச் சும்மா விட்டால் என்ன கெட்டது என்று கேட்பவர்களுக்கு: ஒரு யூசர் கேட்டலாக்குக்கு சுமார் 3,500 ஏலியாஸ்தான் பழைய வரம்பு. எக்ஸ்டெண்டட் ஏலியாஸ் வசதியை இயக்கினால் 5 லட்சம் வரை போகலாம். அதை இயக்காத இடங்களில், போனவர்களின் ஏலியாஸ் நிறைந்து புதியவருக்கு இடமில்லாமல் போகும்.

எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்? ஆளுக்கு ஒரு வரிசை சொல்றாங்க.

முதலில் ஆல்ட்யூசர் விஎல்ஆர்07 ரிவோக், அதாவது ஐடியை முடக்குவது. இதில் எதுவும் அழியாது, திரும்ப ரெஸ்யூம் போட்டால் சரியாகிவிடும். ரிவோக் செய்து குறைந்தது ஒரு மாதக் கடைசியாவது தாண்டட்டும். கணக்கு சம்பந்தப்பட்ட குழு என்றால் மார்ச் 31 தாண்டினால் இன்னும் நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை ஓடும் ஜாப் அந்த ஐடியில் இருந்தால் அன்றைக்குத்தான் கத்தும். ஷெட்யூலரிலும் (ஜாப்களை நேரத்துக்கு ஓட்டுவது), ஸ்டார்டட் கிளாஸிலும் (பின்னணியில் ஓடும் வேலைகளுக்கு ஐடி கொடுப்பது), சரகேட் ப்ரொஃபைல்களிலும் (ஒருவர் ஐடியில் இன்னொருவர் ஜாப் போட விடுவது) அந்த ஐடி இருக்கிறதா என்று இந்த இடைவெளியில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டேட்டாசெட்டுகள். லிஸ்ட்கேட் (கேட்டலாக்கில் இருப்பதன் பட்டியல்) எடுத்து, வேண்டியதை வேறு பெயருக்கு மாற்றி, மீதியை அழிக்க வேண்டும். அவை போனபின் ஏலியாஸ். பிறகு விஎல்ஆர்07 என்று தொடங்கும் டேட்டாசெட் ப்ரொஃபைல்கள். பிறகு மற்ற அக்சஸ் லிஸ்டுகளில் உள்ள பெயர். கடைசியில் டெல்யூசர்.

ப்ரொஃபைலை டேட்டாசெட்டுக்கு முன்னால் எடுக்காதீர்கள். ப்ரொடெக்ட்ஆல் ஃபெயில்யூர்ஸ் போட்டிருக்கும் சிஸ்டத்தில் ப்ரொஃபைல் இல்லாத டேட்டாசெட்டைச் சாதாரண யூசர் யாரும் தொட முடியாது. ஸ்பெஷல் என்ற நிர்வாகி உரிமை இல்லையென்றால், அழிக்க வந்த உங்களையும் சேர்த்து. ப்ரொடெக்ட்ஆல் இல்லாத சிஸ்டத்தில் நேர் எதிர்: யார் வேண்டுமானாலும் தொடலாம். இரண்டுமே வேண்டாம்.

லிஸ்ட்கேட் போட்டா ஒன்னுமே வரல. ஆனா அவர் நிறைய ஃபைல் வெச்சிருந்தாருன்னு டீம்ல சொல்றாங்க.

எந்த வடிவத்தில் கேட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். லிஸ்ட்கேட் என்ட்ரீஸ்(விஎல்ஆர்07.*) என்றால் நட்சத்திரம் ஒரே ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும், விஎல்ஆர்07.ஜேசிஎல் வரும், விஎல்ஆர்07.டெஸ்ட்.ஜேசிஎல் வராது. லிஸ்ட்கேட் லெவல்(விஎல்ஆர்07) என்று கேட்டால் அதன் கீழுள்ள எல்லாம் வரும். சுத்தம் செய்யும் வேலைக்கு லெவல்தான் சரி.

டிஎஸ்ஓவில் (நேரடியாகக் கட்டளை அடிக்கும் திரை) அடித்தீர்களா, பேட்ச் ஐடிகேம்ஸில் (கேட்டலாக் கட்டளைகளை ஜாபாக ஓட்டும் யூடிலிட்டி) போட்டீர்களா என்பது அடுத்தது. டிஎஸ்ஓவில் மேற்கோள் குறி இல்லாத பெயருக்கு முன்னால் உங்கள் சொந்த ஐடி ஒட்டிக்கொள்ளும். பேட்ச் ஐடிகேம்ஸில் ஒட்டாது. ஒரே வரி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடப்பதற்கு இதுதான் காரணம். பட்டியல் எடுக்கும்போது இது வெறும் தொல்லை. டெல்டிஎஸ்டி (டேட்டாசெட் ப்ரொஃபைலை அழிக்கும் ரேக்எஃப் கட்டளை) போடும்போது மேற்கோள் குறி மறந்தால், அழிவது உங்கள் ப்ரொஃபைலாகக்கூட இருக்கலாம்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், ஒன்று ஏலியாஸ் ஏற்கெனவே போயிருக்கும், அல்லது ஃபைல்கள் கேட்டலாக்கில் இல்லாமல் டிஸ்க்கில் மட்டும் இருக்கும். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது.

டெலீட் கார்டு கரெக்டாதான் எழுதியிருக்கேன், ஆனா கமாண்டே புரியலன்னு சொல்லுது.

ஐடிகேம்ஸ் ஒவ்வொரு வரியிலும் 2-ஆம் காலத்திலிருந்து (எழுத்து நிற்கும் இடம்) 72 வரைதான் படிக்கும். 1-ஆம் காலத்தில் தொடங்கினால் முதல் எழுத்து காணாமல் போய், டெலீட் என்பது வேறு ஏதோ சொல்லாகிவிடும். அடுத்த வரிக்குப் போகிறீர்கள் என்றால் வரிக்கடைசியில் ஹைஃபன் வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வரி புதுக் கட்டளையாகக் கணக்காகும். நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இரண்டில் ஒன்றுதான்.

கண்டிஷன் கோடு 8 வருது. யாரைக் கேட்டாலும் "8 வந்தா பரவால்ல"ன்றாங்க. நெஜமாவா?

ஜாப் எப்படி முடிந்தது என்று காட்டும் எண் அது. 8 என்பது மட்டும் எதையும் சொல்லாது. மேலே உள்ள மெசேஜைப் படிக்க வேண்டும். ஐடிசி0550ஐ வந்தால் அந்த என்ட்ரி அழிந்தது. ஐடிசி0551ஐ வந்தால் அழியவில்லை. ஐடிசி3012ஐ என்றால் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. இது ஏற்கெனவே அழிந்ததாலும் இருக்கலாம், பெயரைத் தப்பாக அடித்ததாலும் இருக்கலாம், ஏலியாஸ் இல்லாமல் தப்பான கேட்டலாக்கில் தேடியதாலும் இருக்கலாம். ஐடிசி3018ஐ என்றால் அனுமதி மறுப்பு. ஐடிசி3009ஐ மெசேஜில் கேட்டலாக் கொடுத்த ரிட்டர்ன் கோடு இருக்கும். அது 56 என்றால் அதுவும் அனுமதி விவகாரம்தான்.

டெலீட்டுக்குக் கீழே செட் மேக்ஸ்சிசி=0 (வந்த கோடை 0 ஆக்கும் வரி) போடும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. தினமும் ஓடும் ஜாபில், இருந்தால் அழி, இல்லாவிட்டால் போ என்பதற்கு அது சரி. அனுமதி ஒழிக்கும் வேலையில் அதை வைக்கவே கூடாது. ஐம்பது ஐடியில் ஏழு அழியாமல் நின்றாலும் ஜாப் பச்சையாக முடியும், டிக்கெட்டையும் மூடிவிடுவார்கள், ஆடிட்டில்தான் தெரியவரும்.

எனக்கு ஸ்பெஷல் இருக்கு. அப்புறமும் டெலீட் பண்ண விடலையே, ஏன்?

ஸ்பெஷல் என்பது பூட்டை மாற்றும் உரிமை, வீட்டுக்குள் போகும் உரிமை கிடையாது. ப்ரொஃபைலை மாற்றலாம், நீக்கலாம். டேட்டாசெட்டை அழிக்க அதன்மேல் ஆல்டர் என்ற முழு அனுமதி வேண்டும். ஆபரேஷன்ஸ் என்ற தனி உரிமை உள்ளவருக்கு அது பொதுவாகவே கிடைக்கும், அக்சஸ் லிஸ்டில் அவருக்கென்று குறைவாக எழுதியிருந்தால் ஒழிய. வேலைக்காக உங்களுக்கே ஒரு பர்மிட் (அக்சஸ் லிஸ்டில் பெயர் சேர்க்கும் கட்டளை) போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது சேஞ்ச் டிக்கெட்டில் இருக்கட்டும், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷப் பட்டியலில் உங்கள் பெயர் வரும்.

ஏலியாஸுக்குத் தனி வழி உண்டு. ஃபெசிலிட்டி கிளாஸில் (டேட்டாசெட் அல்லாத அனுமதிகளை வைக்கும் ஒரு வகை) எஸ்டிஜிஅட்மின்.ஐஜிஜி.டெஃப்டெல்.யூஏலியாஸ் என்ற ப்ரொஃபைலுக்கு ரீட் இருந்தால், யூசர் கேட்டலாக்கின் ஏலியாஸை உருவாக்கவும் அழிக்கவும் முடியும். மாஸ்டர் கேட்டலாக்குக்கே அப்டேட் கேட்டு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

அண்ணா, ஏலியாஸை முதல்லயே அழிச்சிட்டேன். இப்ப அவரோட ஃபைல் எதுவும் தெரியல. போச்சா?

போகவில்லை. வழிகாட்டிப் பலகையைத்தான் பிடுங்கினீர்கள், ஊர் அங்கேயே இருக்கிறது. டிஃபைன் ஏலியாஸ் (நேம்(விஎல்ஆர்07) ரிலேட்(யூகேட்.டெவ்1)) என்று திரும்பப் போடுங்கள், எல்லாம் வந்துவிடும். ரிலேட்டில் எந்த யூசர் கேட்டலாக் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அழிப்பதற்கு முன்னால் லிஸ்ட்கேட் என்ட்ரீஸ்(விஎல்ஆர்07) ஆல் எடுத்து வைத்துக்கொள்வது. அசோசியேஷன்ஸ் என்ற இடத்தில் யூசர் கேட்டலாக் பெயர் இருக்கும், இன்-கேட் என்ற இடத்தில் எந்த மாஸ்டர் என்பது இருக்கும்.

தாமதிக்காதீர்கள். ஏலியாஸ் இல்லாத நேரத்தில், மாஸ்டரில் எழுதும் உரிமையுள்ள யாராவது விஎல்ஆர்07 பெயரில் புது ஃபைல் உருவாக்கினால் அது மாஸ்டர் கேட்டலாக்கிலேயே பதிவாகும். அப்புறம் ஒரே பெயருக்கு இரண்டு இடத்தில் பிள்ளைகள்.

ஏலியாஸை அழிக்கும்போது டெலீட் விஎல்ஆர்07 ஏலியாஸ் என்று வகையைச் சேர்த்தே எழுதுங்கள். அவசரத்தில் யூகேட் பெயரையும் யூசர்கேட்டலாக் ஃபோர்ஸையும் போட்டால் ஒரு ஆளின் ஏலியாஸோடு நிற்காது, அந்தக் கேட்டலாக்கில் இருக்கும் எல்லாருடைய என்ட்ரிகளும் போகும், டேட்டாசெட்டுகளே அழியவும் கூடும். சுத்தம் செய்யும் வேலையில் ஃபோர்ஸ் என்ற சொல் யூசர் கேட்டலாக் பக்கத்தில் வரவே வேண்டியதில்லை.

கேட்டலாக்ல பேர் இருக்கு, டிஸ்க்ல ஃபைல் இல்ல. டெலீட் ஆக மாட்டேங்குது.

டெலீட் இரண்டு வேலை செய்யப் பார்க்கிறது: டிஸ்க்கில் அழிப்பது, கேட்டலாக்கில் அழிப்பது. முதலாவது முடியாததால் நிற்கிறது. நோஸ்க்ராட்ச் சேர்த்தால் கேட்டலாக் வரியை மட்டும் எடுக்கும். டிஸ்க்கே எப்போதோ கழற்றப்பட்டு, பெயர் மட்டும் மிச்சமிருக்கும் பழைய ஐடிகளில் இது சகஜம்.

ஆனால் ஃபைல் உண்மையிலேயே இல்லை என்பதை ஐஎஸ்பிஎஃப் 3.4-இல் (ஃபைல் பட்டியல் திரை) வால்யூம், அதாவது டிஸ்க், பெயர் கொடுத்துப் பார்த்த பிறகு போடுங்கள். இருக்கும் ஃபைலுக்கு நோஸ்க்ராட்ச் போட்டால் அது அநாதை. டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டு, எந்த லிஸ்ட்கேட்டிலும் வராமல் கிடக்கும். அப்படி ஏற்கெனவே கிடப்பதை எடுக்க, டிஃபைன் நான்விஸாம் மூலம் மறுபடி பதிவுசெய்து, பிறகு சாதாரண டெலீட் போடுவது நேரான வழி.

வால்யூம் எடத்துல மைக்ராட்னு இருக்கு. டிஸ்க் பேரா அது?

இல்லை. ஹெச்எஸ்எம் (ரொம்ப நாள் தொடாத ஃபைல்களை மலிவான இடத்துக்கு மாற்றும் மென்பொருள்) அந்த ஃபைலைக் கீழே இறக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஹெச்டெலீட் போட்டால் மேலே கொண்டுவராமலே அழிக்கும். ஐஎஸ்பிஎஃப்பில் திறந்து பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று நினைத்தால் ஒவ்வொன்றும் ரீகால் ஆகும், அதாவது திரும்ப மேலே வரும். இருநூறு ஃபைல் இருந்தால் டேப் ஏறி இறங்கி விடிந்துவிடும். ஹெச்எஸ்எம் எடுத்த பேக்கப் பிரதிகள் இதனால் போகாது, அவற்றுக்கு ஹெச்பிடெலீட் தனி.

டெல்யூசர் போட்டா முடியாதுன்னு சொல்லுது.

விஎல்ஆர்07 என்று தொடங்கும் டேட்டாசெட் ப்ரொஃபைல் இன்னும் இருக்கிறது. ரேக்எஃப் அதைப் பார்த்தால் யூசரை அழிக்க விடாது. சர்ச் கிளாஸ்(டேட்டாசெட்) மாஸ்க்(விஎல்ஆர்07.) என்று தேடி, வந்ததை டெல்டிஎஸ்டியால் எடுங்கள். மேற்கோள் குறி பற்றி மேலே சொன்னது இங்கேதான் கடிக்கும்.

பர்மிஷன் எங்கெங்க இருக்குன்னு ஆயிரம் ப்ரொஃபைலை எப்படிண்ணா ஒன்னொன்னா பார்க்கிறது?

பார்க்க வேண்டாம். ஐஆர்ஆர்டிபியூ00 என்ற யூடிலிட்டி ரேக்எஃப் டேட்டாபேஸைச் சாதாரண ஃபைலாக இறக்கிக் கொடுக்கும்; அதை நோலாக்இன்புட் வைத்து ஓட்டுங்கள், மற்றவர்களைத் தடுக்காது. அந்த ஃபைலில் 0404 வகை ரெக்கார்டு டேட்டாசெட் அக்சஸ் லிஸ்ட், 0505 பொது ரிசோர்ஸ் அக்சஸ் லிஸ்ட். அதை ஐஆர்ஆர்ஆர்ஐடி00 என்ற இன்னொரு யூடிலிட்டிக்குக் கொடுத்து, சிஸ்இன்னில் (யூடிலிட்டிக்கு உள்ளீடு கொடுக்கும் இடம்) விஎல்ஆர்07 என்று எழுதினால், அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் தேடித் தேவையான பர்மிட் டெலீட், ரிமூவ், டெல்யூசர் கட்டளைகளை ஒரு சிலிஸ்டாக (வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதிக் கொடுக்கும். சிஸ்இன்னைக் காலியாக விட்டால், ஏற்கெனவே அழிந்துபோன ஐடிகளின் மிச்சங்களைத் தேடும். முன்னால் யாரோ அரைகுறையாகச் செய்த வேலையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இது எழுதித் தருவது ரேக்எஃப் கட்டளைகளை மட்டும். ஏலியாஸையோ டேட்டாசெட்டையோ தொடாது. "யூடிலிட்டி ஓட்டிட்டோமே, அப்புறம் எப்படி ஏலியாஸ் இருக்கு" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

அது எழுதிக் கொடுத்த சிலிஸ்ட்ல கேள்விக்குறியா இருக்கு. ஓட்டினா பாதியிலயே நின்னுடுது.

இரண்டுமே வேண்டுமென்றே வைத்தவை. விஎல்ஆர்07 வேறொரு ப்ரொஃபைலுக்கு ஓனராக இருந்தால், புது ஓனர் யார் என்று யூடிலிட்டிக்குத் தெரியாது. அதனால் கேள்விக்குறி போட்ட பெயரை எழுதிவைக்கும். நீங்கள் மாற்றாவிட்டால் அந்தக் கட்டளை தோற்கும். சிஸ்இன்னிலேயே பழைய ஐடிக்குப் பக்கத்தில் புது ஐடியை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. புது ஓனராக ஆளைப் போடாமல் குரூப்பைப் போடுங்கள். ஆள் மறுபடி போவார், குரூப் போகாது.

நடுவில் நிற்பது எக்ஸிட் வரியால். ப்ரொஃபைல்களையே அழிக்கும் கட்டளைகள் அதற்குக் கீழேதான் இருக்கும். படித்துப் பார்த்து, டேட்டாசெட்டும் ஏலியாஸும் போய்விட்டன என்று உறுதிசெய்த பிறகு அந்த வரியை எடுத்து ஓட்ட வேண்டும்.

பர்மிட் டெலீட் போட்டாச்சு, லிஸ்ட்லயும் இல்ல. ஆனா இன்னும் உள்ள போக முடியுது.

ஜெனரிக் ப்ரொஃபைல்களும் (நட்சத்திரம் போட்டுப் பல பெயர்களுக்குப் பொருந்துபவை) ராக்லிஸ்ட் செய்த கிளாஸ்களும் மெமரியில் இருக்கும். செட்ராப்ட்ஸ் ஜெனரிக்(டேட்டாசெட்) ரிஃப்ரெஷ், ஃபெசிலிட்டி போன்றவற்றுக்கு செட்ராப்ட்ஸ் ராக்லிஸ்ட்(ஃபெசிலிட்டி) ரிஃப்ரெஷ். குரூப்பிலிருந்து எடுத்ததாக இருந்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அது அடுத்த லாகானில்தான் தெரியும். அந்த செஷனை நிறுத்த வேண்டும்.

டெஸ்ட்ல ஏலியாஸ் போயிடுச்சு, ப்ரொடக்‌ஷன்ல இருக்கு. ஒரே டிஸ்க்தானே?

டிஸ்க்கும் யூசர் கேட்டலாக்கும் பகிர்வில் இருக்கலாம். மாஸ்டர் கேட்டலாக் எல்பாருக்கு எல்பார் (ஒரே இயந்திரத்தைப் பிரித்த தனித்தனி சிஸ்டங்கள்) வேறாக இருக்கும் இடங்கள் உண்டு. ஏலியாஸ் இருப்பது மாஸ்டரில். எத்தனை மாஸ்டரோ அத்தனை தடவை டெலீட்.

சண்டே காலைல ஜாப் ஓடும்போது கரெண்ட் போயிட்டா?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலச் சனி இரவு 10 மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை 7.30. சப்மிட் செய்த ஜாப் ஜேஇஎஸ்ஸில் (மெயின்ஃப்ரேமில் ஜாப்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதி) ஓடிக்கொண்டேதான் இருக்கும், உங்கள் வீட்டுக் கரெண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஎஸ்ஓ திரையில் நேரடியாக ஓட்டிய சிலிஸ்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எதையும் பேட்சாகவே ஓட்டுங்கள். எதுவரை போனது என்பதும் ஸ்பூலில் (ஜாபின் வெளியீடு சேரும் இடம்) எழுத்தாக இருக்கும்.

புதுசா வந்த பொண்ணுக்கு அதே விஎல்ஆர்07 ஐடியைக் கொடுத்துட்டாங்க. முதல் நாளே சம்பள ஃபைல் தெறக்குதாம்! எப்படி?

டெல்யூசர் மட்டும் போட்டு அக்சஸ் லிஸ்டை விட்டிருக்கிறார்கள். ரேக்எஃப் அக்சஸ் லிஸ்டில் இருப்பது எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் மட்டும். அது எந்த ஆள் என்று அதற்குத் தெரியாது. பழைய ஏலியாஸும் டேட்டாசெட்டும் இருந்தால் அவையும் அவர் கைக்கே போகும். சிஸ்இன் காலியாக ஐஆர்ஆர்ஆர்ஐடி00-ஐ இப்போது ஓட்டினால் பிடிபடாது, ஏனென்றால் அந்த ஐடி மறுபடி உயிரோடு இருக்கிறது. 0404, 0505 ரெக்கார்டுகளில் விஎல்ஆர்07 என்று நேராகத் தேடி, அவருக்கென்று கேட்டு வாங்காத ஒவ்வொன்றையும் பர்மிட் டெலீட் செய்ய வேண்டும்.

மெயின்ஃப்ரேமுக்குள்ளேயே இருக்கும் யூனிக்ஸ் பக்கத்தையும் விடாதீர்கள். அங்கே ஃபைலின் ஓனராகப் பதிவாவது பெயரல்ல, யூஐடி எண். ஐடி வேறாக இருந்து, எண் மட்டும் பழையவருடையது என்றாலும் பழைய ஃபைல்கள் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். டெல்யூசருக்கு முன்னால் லிஸ்ட்யூசர் விஎல்ஆர்07 ஓஎம்விஎஸ் என்று கேட்டு எண்ணைக் குறித்துவைத்து, ஃபைண்ட் கட்டளையில் -யூசர் என்பதற்கு அந்த எண்ணைக் கொடுத்துத் தேடி, கிடைப்பதையெல்லாம் சிஹெச்ஓன் செய்து வேறு பெயருக்கு மாற்றுங்கள்.